கடைக்குப் போகாத 20 பால்போவா

மத்திய அமெரிக்க நாடான பனாமா, தன் பணமான பால்போவாவில் 20 மதிப்பிட்டு 1974இல் வெளியிட்ட வெள்ளி நாணயம் ஒன்று என் சேகரிப்பில் இருக்கிறது. 61 மில்லிமீட்டர் விட்டமும் ஏறத்தாழ 130 கிராம் எடையும் கொண்ட அதை உள்ளங்கையில் வைத்தால் கை சற்றே தாழும். கண்ணாடி போன்ற தளத்தில் தென் அமெரிக்க விடுதலைத் தலைவர் சிமோன் பொலிவாரின் முகம் மட்டும் பனி படர்ந்தது போல வெண்மையாகப் புடைத்து நிற்கும். விரல் ரேகை பதிந்துவிடும் என்பதால் விளிம்பைப் பிடித்தே எடுப்பேன்.

ஒருகாலத்தில் பனாமாக் கடைகளில் இது புழங்கியது என்று சொல்லித்தான் எனக்கு விற்றார்கள், நானும் நம்பினேன். ஆனால் அங்கே 1904 முதல் அமெரிக்க டாலரே நோட்டாகப் புழங்குகிறது; 1941இல் வெளியிட்ட சொந்த நோட்டுகளும் சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டன. டாலருக்குச் சமமான பால்போவா, சில்லறையாக மட்டும் அமெரிக்கக் காசுகளோடு கலந்து புழங்குகிறது. என்னிடம் உள்ள நாணயத்தை அடித்ததோ பென்சில்வேனியாவில் இருந்த ஃபிராங்க்ளின் மின்ட் என்னும் தனியார் நிறுவனம். அது குறிவைத்தது வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களை. இன்று அதிலுள்ள வெள்ளியே 20 டாலரைவிடப் பல மடங்கு பெறும் என்பதால், இனியும் அதை யாரும் செலவழிக்கப் போவதில்லை.

ஆனாலும் அதை வெறும் பதக்கம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்கக் கண்டத்தின் புதிய குடியரசுகளை ஒன்றுசேர்க்க 1826இல் பொலிவார் கூட்டிய மாநாடு பனாமாவில்தான் நடந்தது; அந்த முகத்துக்கு அந்த நாட்டில் இடம் உண்டு. இத்தகைய நாணயங்களை வாங்குமுன் நான் பார்ப்பது அதைத்தான். டாலரையே புழங்கும் இன்னொரு நாடான, பசிபிக் தீவுக்கூட்டமான பலாவ், 1992 முதல் தன் கடல்வாழ் உயிர்களைப் பொறித்து வெளியிட்டவை எனக்கு மிகவும் பிடித்தவை. அதே நாடு 2007இல் பிரான்சின் லூர்து ஊற்றுநீரைச் சிறு குப்பியில் பதித்து வெளியிட்ட 1 டாலர் நாணயம், வாங்குபவரின் பக்தியை மதிக்கிறதே தவிர, பலாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

பொலிவார் இருக்கும் தட்டிலேயே பனாமாவின் கால் பால்போவா ஒன்றையும் வைத்திருக்கிறேன். அந்தப் பணத்துக்குப் பெயர் தந்தவரும் 1513இல் பசிபிக் கடலைக் கண்டவருமான ஸ்பானியப் பயணி பால்போவாவின் தலைக்கவசம், எத்தனையோ கைகள் பட்டு, அதில் பாதி மழுங்கியிருக்கிறது.