அரசருக்கும் தேர்தல் உண்டு
ஏழாம் வகுப்பில் ஆட்சிமுறைகள் பாடம் எடுக்கும்போது முடியாட்சி, குடியாட்சி, சர்வாதிகாரம் என்று நான் பட்டியல் போடுவதில்லை. பலகையில் ஒரே கேள்விதான்: ‘ஆட்சியில் இருப்பவரை எப்படி இறக்குவது?’

பிரிட்டனில் நாடாளுமன்றமே பிரதமரை இறக்கிவிடலாம். 1979-இல் பிரதமர் காலகனின் அரசு ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் நம்பிக்கை வாக்கெடுப்பில் தோற்றது என்றதும் கடைசி பெஞ்சும் நிமிரும். அமெரிக்க அதிபர் என்றால் மேலவையான செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் வேண்டும். இதுவரை யாரும் அப்படிப் பதவி இழந்ததில்லை. சவூதி மன்னரை இறக்க மக்களுக்கு வழியே இல்லை.

எனக்குப் பிடித்தது மலேசியா. ஒன்பது மாநிலங்களின் பரம்பரை ஆட்சியாளர்கள் கூடி, தங்களில் ஒருவரை 5 ஆண்டுகளுக்கு மாமன்னராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் அரசை நடத்துபவர் பிரதமர். வத்திக்கான் இதற்கு நேர்மாறு: 80 வயதுக்கு உட்பட்ட கர்தினால்கள் (கத்தோலிக்கத் திருச்சபையின் மூத்த குருமார்) வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் போப்பிடம் முழு அதிகாரமும் இருக்கிறது.

“அப்போ அது முடியாட்சியா, தேர்தலா மிஸ்?”

இரண்டும்தான். கட்டம் போட்டுப் பிரிப்பது தேர்வுக்கு வசதி, அவ்வளவே. சுவிட்சர்லாந்தை எந்தக் கட்டத்தில் அடைப்பார்களாம்? அங்கே ஏழு பேர் சேர்ந்து அரசை நடத்துகிறார்கள்; தலைவர் பதவி ஆண்டுதோறும் கைமாறுகிறது.