வால்வைத் திருக பயர்மேன் எதுக்கு?

நீலகிரி மலை ரயிலின் எக்ஸ் கிளாஸ் நீராவி எஞ்சின்களை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றிய காலத்தில், கரி அள்ளிப்போட்டு நெருப்பைப் பார்த்துக்கொள்ளும் பயர்மேனைப் பற்றி எஞ்சின் ஷெட்டில் எழுந்த கேள்வி இது. ‘வண்டி ஓடணும்ல!’ என்பதுதான் கிடைத்த பதில். தப்பான பதில் இல்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

மாற்றியதற்குக் காரணம் இருந்தது. நம் நிலக்கரியில் சாம்பல் அதிகம். அது உருகி இறுகிக் கட்டியான கிளிங்கர், கரி எரியும் தட்டின் கம்பி இடைவெளிகளை அடைத்துக்கொண்டால் காற்று ஏறாது. பாதி மலையில் பிரஷர் இறங்கிவிடும். கல்லாறு நிலையத்துக்கு மேல் 12.5 அடிக்கு 1 அடி என்று ஏறும் பாதையில் அது விளையாட்டல்ல. போதாக்குறைக்குக் காய்ந்த காட்டில் நெருப்புப்பொறி வேறு.

எண்ணெய்க்கு எதிரான வாதமும் அதே கல்லாறில்தான். அதுவரை கீழ் சிலிண்டர்கள் இரண்டே வேலை செய்யும். பற்சக்கரம் பிடித்து ஏறும் பல்தண்டவாளம் தொடங்கியதும், அவை கழித்துவிட்ட நீராவி மேல் சிலிண்டர்களுக்குப் போய்ப் பற்சக்கரத்தைச் சுற்றும். கரி எஞ்சினில் அதற்கு முன்பே நெருப்பைத் தயார் செய்திருக்க வேண்டும்: கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, மூலைகளுக்கும் எட்டும்படி. ஒரேயடியாகக் கொட்டினால் கரும்புகைதான் மிஞ்சும். சரிவில் பாய்லர் தண்ணீர் ஒருபக்கம் சாயும். தண்ணீர் மட்டம் காட்டும் கேஜ் கிளாஸின் அளவை அப்படியே நம்பக்கூடாது. நெருப்பு எரியும் பயர்பாக்ஸின் கூரை தண்ணீருக்கு வெளியே வந்தால் அதிலுள்ள ஈயப் பிளக் உருகி, நீராவி நெருப்பின் மேல் பாயும். எண்ணெயிலும் இந்த ஆபத்து உண்டு. ஆனால் நெருப்பைப் பார்த்தே நிலவரம் சொல்லும் ஆள் அங்கே உருவாவதில்லை.

எண்ணெய்க்கென்று தனி நோய்களும் உண்டு. பர்னரை அணைத்துவிட்டு, காற்று நுழையும் கதவான டேம்பரை மூட மறந்தால் குளிர்காற்று நேராக, பாய்லருக்குள் சூடான புகை போகும் ட்யூபுக்குள் ஏறும். ட்யூப் முனை சுருங்கி, அது பொருந்தியிருக்கும் ட்யூப் பிளேட்டில் கசிவு தொடங்கும். வெள்ளையாக உப்புக்கோடு தெரியும். எக்ஸ்பாண்டர் கருவி போட்டு ட்யூப் முனையை விரித்தால் கசிவு நிற்கும். விரிக்க விரிக்க உலோகம் மெலியும், பிறகு ட்யூபையே மாற்ற வேண்டியதுதான். ட்யூபில் புகைக்கரி படிந்தால், எஞ்சின் நன்றாக இழுக்கும்போது ஒரு கை மணலை பயர்பாக்ஸில் தூவுவார்கள்; உறிஞ்சும் காற்றோடு மணல் ட்யூப் வழியே ஓடித் தேய்த்துவிடும். சீறிக்கொண்டு வரும் அந்தக் கரும்புகையைப் பார்த்தவர்கள் எண்ணெய் சுத்தம் என்று சொல்லமாட்டார்கள்.

பாதை 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் ஊட்டிக்கும் எட்டியது. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரில் கட்டிய எஞ்சின்கள் தேயத் தேய, திருச்சியின் பொன்மலை ரயில்வே பணிமனை அதே வடிவில் புதிதாகக் கட்டியது. முதலில் எண்ணெயில் ஓடுபவற்றை, 2021-ல் நிலக்கரியில் ஓடுவதையும். கரிக்கே திரும்பியதில், ஷெட்டில் கேட்ட கேள்வி ஜெயித்துவிட்டதாகத் தோன்றலாம். எஞ்சினைப் பொன்மலையில் கட்டிவிடலாம். பயர்மேனை அப்படிக் கட்ட முடியாது. அவர் பக்கத்திலிருந்து கற்றுத்தர இன்னொரு பயர்மேன் வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகும், மார்ச் மாதம் மூங்கில் காய்ந்து கிடக்கும்போது எந்த எஞ்சினை அனுப்பலாம் என்று கேட்டால், எண்ணெய் எஞ்சினைத்தான் சொல்லத் தோன்றுகிறது.