மலைப் பாதையில் மெர்லின்: தாளை எடுத்துவிட்டு இஎஸ்பி32 வைத்தால்

கைப்பேசியைக் காரின் டாஷ்போர்டில் ஒட்டிவைத்தால் போதும், வீதியின் கரடுமுரடு தெரிந்துவிடும் என்று சொல்லும் செயலிகள் இப்போது நிறைய. கொழும்புப் பக்கத்து நேரான காபட் வீதியில் அது ஓரளவுக்குச் சரிவரும். இறம்பொடை வளைவுகளில் சரிவராது. ஒரே மேட்டை 80 கி.மீ. வேகத்தில் கடக்கும்போது வரும் முடுக்கம், 20 கி.மீ. வேகத்தில் பதினாறில் ஒரு பங்காகிவிடும். வேகத்தின் வர்க்கத்தோடு குறைவதால், மேடு சொல்வது இயந்திர அதிர்வுக்குள் காணாமல் போகும். அதற்கு மேல், வளைவில் வண்டி சாயும்போது புவியீர்ப்பில் ஒரு கூறும் அளவோடு கலந்துகொள்ளும்.

ஆகவே மலைநாட்டுக்கு ஏற்றது, நடந்து தள்ளிக் கரடுமுரடை அளக்கும் கருவிதான். அதில் என் தெரிவு மெர்லின். 1991இல் பிரித்தானியப் போக்குவரத்து வீதி ஆய்வுக்கூடம் வெளியிட்ட வடிவம் இது. முன்னால் ஒரு சைக்கிள் சக்கரம், 1.8 மீ. தள்ளிப் பின்னால் ஒரு கால், சரி நடுவில் தரையைத் தொடும் ஒரு துழாவி. துழாவியின் அசைவைப் பத்து மடங்காக்கி ஒரு முள் வரைதாளில் காட்டும். சக்கரம் ஒரு சுற்று முடியும்போதெல்லாம் நிறுத்தி, தாளில் ஒரு புள்ளடி போடவேண்டும். 200 புள்ளடி போட்டதும் இரு ஓரங்களிலும் பத்துப் பத்தைத் தள்ளிவிட்டு, மிச்சத்தின் அகலத்தை மி.மீ.யில் அளப்பார்கள். அந்த அகலம் ‘டி’. பிறகு வீதியின் கரடுமுரட்டுக்கான சர்வதேசச் சுட்டெண், ஐஆர்ஐ = 0.593 + 0.0471 × டி, விடை மீ./கி.மீ.யில். ஐஆர்ஐ 2.4க்கும் 15.9க்கும் இடையில்தான் இந்தச் சூத்திரம் செல்லும். புதிதாகக் காபட் போட்ட துண்டில் இதைக் கொண்டுபோய் 1.7 என்று எழுதுவதில் அர்த்தமில்லை.

தூறலில் தாள் நனையும், பென்சில் எழுதாது. அந்தத் தாள் செய்யும் வேலையை மட்டும் இஎஸ்பி32 போன்ற ஒரு மைக்ரோகண்ட்ரோலருக்கு, அதாவது நிரல் ஓடும் சின்னச் சிப்புக்கு, கொடுத்தால் போதும். இரும்புச் சட்டத்தை மாற்றத் தேவையில்லை.

துழாவிக் கையின் சுழல் அச்சில் ஏஎஸ்5600 என்ற காந்தக் கோண உணரியைப் பொருத்தலாம். ஒரு சுற்றுக்கு 4096 படி. துழாவி அச்சிலிருந்து 100 மி.மீ. தள்ளி இருந்தால் ஒரு படி தரையில் 0.15 மி.மீ. வரைதாளின் கட்டமே 5 மி.மீ., அதாவது தரையில் 0.5 மி.மீ. என்பதால் இந்த நுணுக்கம் தாராளம். காந்தம் விட்டத்தின் குறுக்கே காந்தமூட்டப்பட்டதாக இருக்கவேண்டும். தடிப்பின் வழியே காந்தமூட்டிய சாதாரண வட்டக் காந்தம் பார்வைக்கு அச்சாக அதேபோல இருக்கும், ஆனால் அச்சைச் சுழற்றினாலும் எண் ஒழுங்காக நகராது. இடைவெளி 0.5 முதல் 3 மி.மீ. வரை. கண்ணால் ஊகிக்காமல், உணரி காந்தப்புலத்துக்கு ஏற்பத் தன் பெருக்கத்தைத் தானே சரிசெய்யும் அளவு இருக்கும் ஏஜிசி பதிவகத்தைப் படித்து, 3.3 வோல்ட்டில் 64க்குக் கிட்ட வரும்வரை தூரத்தைச் சரிசெய்யுங்கள். தாங்கி அலுமினியமாகவோ பித்தளையாகவோ இருக்கட்டும். இன்னொன்று: எந்தப் பக்கம் சுழன்றால் எண் கூடும் என்று தீர்மானிக்கும் டிஐஆர் என்ற முனை பல மொடியூல்களில் எங்கும் இணைக்கப்படாமல் தொங்கும். அதைக் கிரவுண்டில் சேர்க்காவிட்டால் கை படும்போது கோணத்தின் திசை தானாகப் புரளும்.

அளவுத்திருத்தத்துக்கு, துழாவியின் அடியில் 6 மி.மீ. தகடு ஒன்றை வைத்து எத்தனை படி மாறுகிறது என்று பாருங்கள். 39 அளவில் வரவேண்டும். மி.மீ.க்கு எத்தனை படி என்பதை இதிலிருந்தே எடுங்கள், காகிதக் கணக்கிலிருந்து எடுக்காதீர்கள்.

பலரும் சறுக்கும் இடம் இனித்தான். சூத்திரத்தில் உள்ள டி, பத்து மடங்கு பெருப்பித்த தாளின் அளவு. உணரி தருவதோ தரையின் அளவு. தரையில் 11.5 மி.மீ. அகலம் வந்தால் டி 115, ஐஆர்ஐ 6.0. பத்தால் பெருக்க மறந்தால் 1.13 என்று வரும். குழி விழுந்த தோட்டத்து ரோட்டுக்கு விமான ஓடுபாதையின் மதிப்பெண்.

எந்த மைக்ரோகண்ட்ரோலர் போர்ட்? ஆர்டுவினோ நானோ போதும் என்று தோன்றும், 200 அளவுக்கு 400 பைட்தானே. ஆனால் எஸ்டி கார்டுக்கு 512, சின்னத் திரையின் சட்டகத்துக்கு 1024 சேர்த்தால் 1936. நானோவின் நினைவகத்தில் இருப்பதே 2048 பைட். கம்பைல் ஆகும், வீதியில் பாதித் தூரத்தில் தொங்கும். இஎஸ்பி32 எடுத்து வைஃபையை அணைத்துவிடுங்கள். ஒற்றை லித்தியம் செல்லை ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் வழியாகக் கொடுக்கவேண்டாம். அது ஏறக்குறைய 1.1 வோல்ட்டை விழுங்கிவிடும். 3.7இலிருந்து 3.3 கிடைக்காமல் போர்ட் திரும்பத் திரும்ப ரீசெட் ஆகும். 5 வோல்ட்டுக்கு உயர்த்திக் கொடுங்கள்.

சக்கரச் சுற்றை எண்ண, காந்தம் கிட்ட வந்தால் மூடும் ரீட் சுவிட்ச் போதும், தொடர்பு துள்ளுவதைப் பல சுற்றாக எண்ணாதிருக்க 20 மில்லிசெக்கன் டிபவுன்ஸ் வைத்து. அதை 34 முதல் 39 வரையுள்ள முனைகளில் இணைத்தால் வெளியே ஒரு 10 கிலோஓம் மின்தடை கட்டாயம், ஏனென்றால் முனையை மேல் மின்னழுத்தத்தில் பிடித்துவைக்கும் புல்-அப் மின்தடை அவற்றுக்கு உள்ளே கிடையாது. சுவிட்ச் அடித்ததும் அளவு எடுக்கக்கூடாது. சக்கரத்தின் குறி தரையைத் தொட, பின்கால் ஊன்றி, சட்டம் அசையாமல் நின்றபின் பொத்தானை அழுத்தி 16 வாசிப்பின் சராசரியை எடுக்கவேண்டும். எப்போதும் அதே குறியில் நிற்பதால் சக்கரத்தின் கோணல் அளவில் சேராது. ஒவ்வொரு அளவையும் கார்டில் எழுதிக் கோப்பை உடனே மூடுங்கள்.

200 சுற்று என்றால் சுமார் 420 மீ. ஏற்றம் எவ்வளவு செங்குத்தானாலும், சீராக இருக்கும்வரை கவலையில்லை. மூன்று புள்ளியும் ஒரே கோட்டில்தான் இருக்கும். மேட்டின் உச்சிதான் தொல்லை. உச்சி 500 மீ. ஆரத்தில் வளைந்தால் நடுப்புள்ளி 0.8 மி.மீ. உயரும், 100 மீ. ஆரத்தில் 4 மி.மீ. தோட்டத்து ரோட்டில் அப்படிப்பட்ட திடீர் மேடு இருந்தால் வீதி வழவழப்பாக இருந்தாலும் டி விரியும். அந்த இடத்து அளவு எண்களைக் குறித்துவைத்து, அவற்றைச் சேர்த்தும் விட்டும் இரண்டு விடை எழுதுங்கள். இடத்தைக் குறிக்க ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பாதீர்கள். மண்சுவரை ஒட்டிய வளைவில் அது எதிர்ப்பக்கத் தேயிலைக்குள் போய் நிற்கும். கிலோமீட்டர் கல்லும் மதகும்தான் நிச்சயம்.

கடைசியாக ஈரம். பெட்டியை இறுக்கி அடைத்தால் மழை வராது, ஆனால் கண்டியின் வெக்கையில் மூடிய காற்று நுவரெலியாவில் குளிர்ந்து உள்ளேயே பனிக்கும். கீழ்நோக்கி 2 மி.மீ. துளை ஒன்று போட்டு, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து, பெட்டியை மேலே போனபின் திறந்து மூடுங்கள். உணரியின் எண்ணைப் போர்டுக்குக் கொண்டுபோகும் ஐ2சி வயர், அச்சிலிருந்து பெட்டிவரை, ஒரு மீற்றரைத் தாண்டினால் வேகத்தை 100 கிலோஹேர்ட்ஸுக்கு இறக்கி, புல்-அப்பை 2.2 கிலோஓம் ஆக்குங்கள். இணைப்பிகளில் ஈரம் ஏறும் நாளில் முதலில் அறுவது அந்தத் தொடர்புதான். அப்போது நிரல் கடைசி எண்ணையே திரும்பத் திரும்பப் பதியாமல், பிழை என்று எழுதும்படி செய்துவையுங்கள்.