எல்லோருமே மிடில் கிளாஸ்தானா?

எங்கள் குடியிருப்பில் இரண்டு ஃப்ளாட்டும் ஒரு காரும் வைத்திருப்பவர், "நம்மள மாதிரி மிடில் கிளாஸ்தான் சார் அடிவாங்குறோம்" என்கிறார். அங்கேயே நாலைந்து வீடுகளில் பாத்திரம் தேய்க்கும் அக்காவும், "நாங்க நடுத்தரக் குடும்பம்தான் தம்பி" என்கிறார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவர் தனக்கு மேலே இருப்பவர்களைப் பார்த்துச் சொல்கிறார், அக்கா கீழே இருப்பவர்களைப் பார்த்துச் சொல்கிறார்.

அரசாங்கத்தின் கணக்கும் குழப்பம்தான். மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் வாங்க, குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஆனால் பொதுப் பிரிவினருக்காக 2019இல் மத்திய அரசு கொண்டுவந்த 10 சதவீத இட ஒதுக்கீட்டில், எட்டு லட்சத்துக்குக் கீழே இருந்தால் 'பொருளாதாரத்தில் நலிவடைந்தவர்'. மாதம் அறுபதாயிரத்துக்கு மேல் வருகிற வீடு நலிந்ததா? எனக்கு இது நியாயமாகவே படவில்லை.

அப்புறம் அந்த "எங்க வரிப்பணத்துல இலவசம்" பேச்சு. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை சம்பாதிப்பவருக்கு இப்போது வருமான வரியே இல்லை. அதை யாரும் இலவசம் என்று சொல்வதில்லை. சரி, நல்லதுதான், கிடைக்கட்டும். ஆனால் அக்கா மளிகைக் கடையில் சரமாகத் தொங்கும் ஷாம்பூ பாக்கெட்டில் ஒன்றைக் கிழித்து வாங்குகிறாரே, அதற்கும் சோப்புக்கும் பேஸ்ட்டுக்கும் 2025 செப்டம்பரில் ஐந்து சதவீதமாகக் குறைக்கும் வரை 18 சதவீதம் ஜிஎஸ்டி. கார் வைத்திருப்பவருக்கும் அதே 18தான். தயவுசெய்து அக்காவை வரி கட்டாதவர் என்று என் முன்னால் சொல்லாதீர்கள்.