பால் வாங்கப் போன கதை

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவுக்கு வந்த முதல் வாரம், பால் தீர்ந்துவிட்டது. பின்வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தால் கடையின் பெயர்ப்பலகை தெரிகிறது. ஓடிப்போய் வாங்கி வந்துவிடலாம் என்று இறங்கினேன். எங்கள் தெரு முட்டுத்தெரு. அதற்கடுத்ததும் அப்படித்தான். வளைந்து வளைந்து பெரிய சாலைக்கு வந்தால் ஆறு தடம். நடைபாதை பாதியிலேயே நின்றுபோனது. ஜூலை வெயிலில் போய்த் திரும்ப ஐம்பது நிமிடம். "இங்க யாரு நடந்து போவா?" என்றார் வீட்டுக்காரர், சாயாவை உறிஞ்சிக்கொண்டே.

குமரி மாவட்டத்தில் எங்கள் ஊர் கருங்கல். அங்கே வீட்டுப்படி இறங்கி முக்குக்கு வந்தால் பால், மீன், தையல்கடை, பஸ் எல்லாம் உண்டு. நாகர்கோவில் கல்லூரிக்கு மூன்று வருடம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவள், லைசென்ஸ் கிடைக்கும்வரை ஏழு மாதம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அம்மா போனில், "ஏன் மக்களே, அங்க பஸ் கிடையாதா?" என்பாள். உண்டு. மணிக்கு ஒன்று. நிறுத்தத்துக்குத்தான் இரண்டு கிலோமீட்டர்.

இந்த ஊர் ஏன் இப்படி என்று நூலகத்தில் நடந்த ஒரு கூட்டத்தில்தான் புரிந்தது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அடுக்குமாடி கட்டுவது பற்றிய பேச்சு. கலிபோர்னியா வெளியிடும், பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்குப் போக்குவரத்திலிருந்தே வருகிறதாம். வண்டியின் புகையை எவ்வளவு குறைத்தாலும், வீடு ஓரிடம், வேலை ஓரிடம், கடை வேறிடம் என்றிருந்தால் ஓடும் தூரம் குறையாதே. அதனால் 2008-ல் எஸ்.பி. 375 என்றொரு சட்டம் போட்டார்கள். மாநிலக் காற்று வாரியம் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இலக்கு வைக்கும். வட்டாரம் சாலைத் திட்டத்தையும் வீட்டுத் திட்டத்தையும் சேர்த்தே போடவேண்டும். சாக்ரமெண்டோ வட்டாரத்துக்கு 2035-க்குள், கார் பயணத்தால் தலைக்கு வரும் புகை 2005-ஐவிட 19 சதவீதம் குறைய வேண்டும்.

ஆனால் எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்ற அதிகாரம் நகராட்சி கையிலேயே இருக்கிறது. சட்டத்தின் ஓட்டை அங்கேதான் என்று எனக்குத் தோன்றியது. 2018-ல் வாரியமே கணக்குப் பார்த்து, இலக்கை நோக்கிப் போகவில்லை, தலைக்கு ஓடும் தூரம் கூடிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டது. கூட்டத்திலும் வயதான ஒருவர் எழுந்து கேட்டது ஒரே கேள்வி: கார் எங்கே நிறுத்துவது? கைதட்டல் அவருக்குத்தான். 2022-ல் வந்த இன்னொரு சட்டப்படி, பெரிய போக்குவரத்து நிலையத்திலிருந்து அரை மைலுக்குள் கட்டும் வீட்டுக்குக் கார் நிறுத்துமிடம் கட்டாயமில்லை என்பதை அவரிடம் யார் சொல்வது?

சரி, நம்மூர் கதைக்கு வருவோம். குமரி மாவட்டத்தில் 2011 கணக்குப்படியே சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். எந்தச் சட்டமும் போடாமல் முக்குக்கு முக்கு கடையும் பஸ்ஸும் அமைந்த ஊர். அம்மா இன்றைக்கும் இலவச டவுன் பஸ்ஸில் திங்கள்நகர் போய் மீன் வாங்கி வருகிறாள்.

போன மாதம் அண்ணன் வீடியோவில் புதுவீட்டு மனையைக் காட்டினான். ஏலாவில் வயலை நிரவிப் போட்ட பிளாட், நான்குவழிச் சாலைக்குப் பக்கத்தில்.

"ரெண்டு கார் நிக்க இடம் விட்டிருக்கேன் பாரு."

"பஸ் எங்க நிக்கும்?"

"பஸ்ஸா? அம்மாவ நான் கூட்டிட்டுப் போவேன்லா."

பின்னால் நின்ற அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவன் அந்தப்பக்கம் நகர்ந்ததும் போனை வாங்கி மெல்லக் கேட்டாள்: "மக்களே, பாலு வாங்க இந்த ரோட்ட எப்படித் தாண்டுது?"