சார்ட் (sort) செய்யாத சர்வர்: மருத்துவத் தரவை ஜாவாஸ்கிரிப்டில் எடுத்த அனுபவம்

மதுரையைச் சுற்றிக் கிளைகள் வைத்திருக்கும் ஒரு தனியார் மருத்துவமனைக்காக, சர்க்கரை நோயாளிகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளை மருத்துவரின் திரையில் வரிசையாகக் காட்டும் செயலி ஒன்றை எங்கள் கே.கே. நகர் அலுவலகத்தில் உருவாக்கினோம். மேலூர்க் கிளையில் அது இப்போது பயன்பாட்டில் இருக்கிறது. அந்த நிலைக்கு வந்து சேர்வதற்குள் பட்ட பாட்டில் பெரும்பகுதி நிரல் எழுதுவதில் இல்லை. மருத்துவமனையின் ஃபயர் சர்வரை (மருத்துவத் தரவைக் கணினிகளுக்கிடையே பரிமாறும் FHIR தரத்தின்படி இயங்குவது) நிறுவிப் பராமரிக்கும் ஒப்பந்த நிறுவனத்திடம் ஒவ்வொன்றாகக் கேட்டுப் பெறுவதில்தான் இருந்தது. இதே வேலையில் இறங்குகிற நண்பர்களுக்கு அந்த அலைச்சலில் பாதியாவது மிச்சமாக வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரத் திட்டமான ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் ஃபயரின் ஆர்4 பதிப்பையே அடிப்படையாகக் கொண்டிருக்கிறது. எங்களுக்குக் கிடைத்த சர்வரும் ஆர்4தான். பிரவுசர் பக்கத்துக்கு, ஃபயர் சர்வரோடு செயலிகளை இணைக்கும் ஸ்மார்ட் முறையை உருவாக்கிய ஸ்மார்ட் ஹெல்த் ஐ.டி. குழுவின் ஃபயர்கிளையன்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை எடுத்துக்கொண்டோம். அதை நிறுவுவதும், அவர்களுடைய பொதுச் சோதனை லாஞ்சரில் ஓட்டிப் பார்ப்பதும் எந்தத் தடங்கலும் இல்லாமல் முடிந்தன.

முட்டுக்கட்டை தொடங்கியது, செயலியை சர்வர் அடையாளம் காண்பதற்கான கிளையன்ட் ஐ.டி. வாங்கப் போனபோது. ஒப்பந்த நிறுவனத்தின் விண்ணப்பப் படிவத்தில் செயலியின் பெயர், அனுமதி முடிந்ததும் திரும்பி வரவேண்டிய ரீடைரக்ட் முகவரி, தேவைப்படும் ஸ்கோப்புகள் (எந்தத் தரவுக்கு அனுமதி என்பவை) ஆகியவற்றை நிரப்பி, மருத்துவமனையின் லெட்டர்ஹெட்டில் கண்காணிப்பாளரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டு மாட்டுத்தாவணிப் பக்கம் இருக்கும் அவர்களது அலுவலகத்துக்குப் போனேன். "சார் லீவுல இருக்காரு தம்பி. அட்மின் பாஸ்வேர்டு அவருகிட்டதான் இருக்கு, திங்கக்கிழமை வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை போனபோது, நோயாளிகளிடம் வாங்கும் ஒப்புதல் படிவத்தின் மாதிரி நகல் ஒன்றும் வேண்டும் என்றார்கள். அப்படி ஒரு தாள் தேவை என்பது படிவத்தில் எங்கும் அச்சாகவில்லை. கேட்பது நியாயமான தாள்தான், நோயாளியின் தரவைத் தொடுகிறவரிடம் அதைக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் முதல் நாளே சொல்லியிருந்தால் மேலூருக்கும் மாட்டுத்தாவணிக்கும் இடையே வீணாக அலைந்திருக்க வேண்டியதில்லை. நீங்கள் போவதற்கு முன், இணைக்க வேண்டிய தாள்களின் பட்டியலை மின்னஞ்சலில் எழுத்துப்பூர்வமாக வாங்கிவிடுங்கள்.

ஐ.டி. வந்தது, கூடவே ஒரு ரகசியச் சாவியும் வந்தது. எங்கள் செயலி முழுக்க முழுக்க பிரவுசரில் ஓடுவது என்பதால், ரகசியம் இல்லாத பப்ளிக் வகையில்தான் பதிய வேண்டும் என்று படிவத்தில் தெளிவாகக் குறித்திருந்தோம். அவர்களோ ரகசியச் சாவி தேவைப்படும் கான்ஃபிடென்ஷியல் வகையில் பதிந்துவிட்டார்கள். அதன் விளைவாக, பயனர் அனுமதி கொடுத்துத் திரும்பி வந்த பிறகும், தரவைத் திறக்கும் டோக்கனைக் கேட்கும் இடத்தில், அடையாளம் ஏற்கப்படவில்லை என்ற 401 பிழையோடு சர்வர் மறுத்துக்கொண்டே இருந்தது. தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "அந்தச் சாவிய ஜேஎஸ் ஃபைலுக்குள்ளயே போட்ருங்க தம்பி, வேலை முடிஞ்சிரும்" என்றார் அங்கிருந்த ஊழியர். லைப்ரரியில் அப்படிக் கொடுக்க இடம் இருக்கிறது, பிழையும் மறைந்துவிடும். ஆனால் பிரவுசருக்கு அனுப்பும் கோப்பை யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். "அண்ணே, அது ஊருக்கே சாவி கொடுத்த மாதிரி ஆயிரும், முடியாது" என்று சொல்லிவிட்டேன். ரகசியச் சாவி இல்லாமலே, ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாகும் குறியீட்டால் காக்கும் பி.கே.சி.இ. பாதுகாப்போடு கூடிய பப்ளிக் வகையாக மாற்றித் தரும்வரை நாங்கள் அசையவில்லை. இந்த இடத்தில் நீங்களும் விட்டுக்கொடுக்காதீர்கள். பி.கே.சி.இ.க்குத் தேவையான கிரிப்டோ வசதியை பிரவுசர் எச்.டி.டி.பி.எஸ். பக்கங்களுக்கும் லோக்கல்ஹோஸ்ட்டுக்கும் மட்டுமே தரும் என்பதையும் மறக்க வேண்டாம். மருத்துவமனையின் உள்வலையில் வெறும் ஐ.பி. எண்ணை வைத்து எச்.டி.டி.பி.யில் ஓட்டிப் பார்க்க முடியாது.

மாற்றித் தந்தபோது ரீடைரக்ட் முகவரியின் கடைசியில் இருந்த சாய்கோடு காணாமல் போயிருந்தது. முகவரி எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால் அனுமதி வழங்கும் ஓஆத் சர்வர் ஏற்காது. பதிந்துவைத்த முகவரியை அப்படியே நகலெடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டபோதுதான் அந்த ஒற்றைக் கோடு விடுபட்டது தெரிந்தது. "சரியாகப் பதிந்திருக்கிறோம்" என்ற பதிலை மட்டும் நம்பி உட்காராமல், அவர்கள் பக்கத்து அமைப்பைத் திரைப்பிடிப்பாகக் கேட்டு வாங்குங்கள்.

ஸ்கோப் விஷயத்தில் ஒரு குறிப்பு. நாம் கேட்கும் ஸ்கோப்புகள் எல்லாவற்றையும் சர்வர் தர வேண்டும் என்று கட்டாயமில்லை. சிலவற்றைச் சத்தமில்லாமல் கழித்துவிட்டு டோக்கனைத் தரலாம். டோக்கன் பதிலில் உள்ள ஸ்கோப் வரியைப் படித்தால் உண்மையில் என்ன கிடைத்தது என்று தெரியும். எந்த நோயாளி என்று சொல்லும் லாஞ்ச் ஸ்கோப் கழிந்துவிட்டால் நோயாளியின் ஐ.டி. காலியாக இருக்கும், அடுத்தடுத்த அழைப்புகள் எல்லாம் அங்கேயே விழுந்துவிடும். ஸ்மார்ட் 2.0 பதிப்பில் ஸ்கோப் எழுதும் முறையே மாறியிருக்கிறது. சர்வர் பழைய முறையை ஏற்கிறதா, புதியதை மட்டுமா என்பதை அதன் ஸ்மார்ட் கான்ஃபிகரேஷன் கோப்பில் முதலிலேயே பார்த்துவிடலாம்.

அடுத்தது கோர்ஸ், அதாவது ஒரு தளத்தின் பக்கம் வேறு தளத்தின் சர்வரிடம் தரவு கேட்க பிரவுசர் வைத்திருக்கும் விதி. பிரவுசர் முன்கூட்டி அனுப்பும் ஆப்ஷன்ஸ் கோரிக்கையில் டோக்கன் இருக்காது. அதற்கும் டோக்கன் கேட்டு 401 அனுப்பும்படி இவர்களது சர்வர் அமைக்கப்பட்டிருந்தது. சர்வரை நேரடியாகச் சோதிக்கும் போஸ்ட்மேன் கருவியில் எல்லாம் ஒழுங்காக வருகிறது, ஆகவே கோளாறு உங்கள் பக்கம்தான் என்று வாதிட்டார்கள். போஸ்ட்மேன் அந்த முன்கோரிக்கையை அனுப்பாது என்பதால் அங்கே பிழை தெரியாது. பிரவுசரின் நெட்வொர்க் பட்டியலைப் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் ஒப்புக்கொண்டார்கள்.

இவையெல்லாம் வேலையைத் தாமதப்படுத்திய கோளாறுகள். இனிச் சொல்லப்போவது நோயாளிக்கே ஆபத்தான கோளாறு.

மேலூர்க் கிளையில் ஒத்திகை பார்த்தபோது, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையான எச்.பி.ஏ.1சி. திரையில் 7.1 என்று காட்டியது. பக்கத்தில் நோயாளியின் காகிதக் கோப்பை வைத்திருந்த சிஸ்டர், "இல்லையே, போன வாரம் 9.2 வந்துச்சே" என்றார். தேதியைப் பார்த்தால் திரையில் இருந்தது பழைய முடிவு. ஒத்திகையாக இல்லாமல் இருந்திருந்தால், சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று நினைத்து மருத்துவர் அதே மாத்திரையைத் தொடரச் சொல்லியிருப்பார். அதை நினைத்தால் இன்றைக்கும் பதறுகிறது.

எச்.பி.ஏ.1சி.க்கு உரிய 4548-4 என்ற லாயின்க் எண்ணை (ஆய்வகப் பரிசோதனைகளுக்கான சர்வதேசக் குறியீடு) கொடுத்து, தேதிவாரியாகப் புதியது முதலில் வரும்படி வரிசைப்படுத்தச் சொல்லும் சார்ட் அளவுருவோடுதான் கேட்டிருந்தோம். சர்வர் அந்த அளவுருவைக் கண்டுகொள்ளாமல், தனக்குத் தோன்றிய வரிசையில் முதல் பக்கத்தை அனுப்பிவிட்டது. பிழை என்று ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. தனக்குத் தெரியாத தேடல் அளவுருவை சர்வர் விட்டுவிட்டுப் பதில் தருவதை ஃபயர் தரம் அனுமதிக்கிறது. அதே தரம் இதைக் கண்டுபிடிக்க வழியும் வைத்திருக்கிறது: முடிவுகளைத் தொகுத்துத் திரும்பி வரும் பண்டிலில் செல்ஃப் என்ற இணைப்பில், சர்வர் உண்மையில் பயன்படுத்திய அளவுருக்கள் எழுதப்பட்டிருக்கும். நாங்கள் அதைத் திறந்தபோது லாயின்க் எண்ணும் நோயாளி ஐ.டி.யும் இருந்தன, சார்ட் இல்லை. கோரிக்கையோடு போகும் ப்ரிஃபர் (Prefer) என்ற ஹெடரில் handling=strict என்று அனுப்பினால், தெரியாத அளவுரு வந்தால் பிழை காட்டும்படி சர்வரைக் கேட்கலாம். ஃபயர்கிளையன்ட்டில் கோரிக்கையோடு ஹெடரைச் சேர்ப்பது எளிது. ஆனால் கோர்ஸ் அமைப்பில் அந்த ஹெடரையும் அனுமதிக்கச் சொல்ல வேண்டும், எல்லா சர்வர்களும் அதை மதிப்பதும் இல்லை. அதனால் செல்ஃப் இணைப்பைச் சரிபார்க்கும் சில வரிகளை எங்கள் நிரலிலேயே நிரந்தரமாக வைத்துவிட்டோம். கேட்டதும் பயன்பட்டதும் ஒத்துப்போகாவிட்டால் திரையில் எண் எதுவும் வராது, எச்சரிக்கைதான் வரும்.

சார்ட்டை நம்ப முடியாது என்றானபின், எல்லாப் பக்கங்களையும் வாங்கி நாங்களே வரிசைப்படுத்துவது என்று முடிவெடுத்தோம். ஃபயர்கிளையன்ட்டின் ரிக்வெஸ்ட் அழைப்பு, நாம் எதுவும் சொல்லாவிட்டால் ஒரே ஒரு பக்கத்தைத்தான் கொண்டுவரும். பேஜ்லிமிட்டை 0 என்று வைத்தால் கடைசிப் பக்கம் வரை போகும், ஃப்ளாட் என்பதையும் சேர்த்துக் கொடுத்தால் பண்டில்களைப் பிரித்து ஒரே பட்டியலாகத் தரும். அப்படிச் செய்ததும் இரண்டாம் பக்கத்தில் நின்றுபோனது. அடுத்த பக்கத்துக்கான நெக்ஸ்ட் இணைப்பில் வெளியுலக முகவரி இல்லை, சர்வரின் உள்வலை ஐ.பி. எண் எச்.டி.டி.பி.யில் இருந்தது. பாதுகாப்பான பக்கத்திலிருந்து அப்படி ஒரு முகவரிக்குப் போக பிரவுசர் விடாது. வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் ரிவர்ஸ் பிராக்ஸிக்குப் பின்னால் இருக்கும் சர்வருக்குத் தன் வெளிமுகவரி என்ன என்று சொல்லப்படாததே காரணம். பிராக்ஸியிலிருந்து வெளிமுகவரியைச் சொல்லும் ஃபார்வர்டட் ஹெடர்களை அனுப்பலாம், அல்லது சர்வரின் அமைப்புக் கோப்பில் முகவரியை நேரடியாக எழுதிவிடலாம். ஒப்பந்த நிறுவனத்தில் இதைப் புரிந்துகொண்டு செய்தவர், புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு தங்கை. அதுவரை பேசியவர்கள் யாரும் அமைப்புக் கோப்பைத் திறந்தே பார்த்திருக்கவில்லை. மறுநாள் ஒத்திகையில் 9.2 மேலே வந்து நின்றபோது சிஸ்டர் தலையசைத்தார். எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

பெயர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஃபயரில் பெயருக்குக் குடும்பப் பெயர், இடப்பட்ட பெயர் என்று தனித்தனி இடங்கள் உண்டு. நம் ஊரில் தகப்பனார் பெயரின் முதலெழுத்தைத்தான் இனிஷியலாக வைக்கிறோம். பதிவுப் பிரிவில் ஒருவர் அதைக் குடும்பப் பெயரில் போடுகிறார், இன்னொருவர் பெயரோடு ஒட்டி எழுதுகிறார். மாதிரி நிரல்களில் இருப்பதுபோல இரண்டையும் சேர்த்துக் காட்டினால் பெயர் சிதைந்துவிடும். முழுப் பெயருக்கான டெக்ஸ்ட் இடத்தை நிரப்பச் சொல்லிவிட்டு அதையே காட்டுங்கள். பிறந்த தேதியும் வெறும் 1958 என்று ஆண்டாக மட்டும் வரலாம், தரம் அதை ஏற்கிறது. அதை ஜாவாஸ்கிரிப்டின் டேட் (Date) வகைக்குள் போட்டால், முதியவருக்கு ஜனவரி 1 என்று இல்லாத பிறந்தநாள் ஒன்று முளைத்துவிடும்.

உசிலம்பட்டிக் கிளை இன்னும் பாக்கி. அங்குள்ள ஆய்வகம் முடிவுகளை லாயின்க் எண் இல்லாமல் வெறும் எழுத்தாக அனுப்புகிறது. அலகையும் சில இடங்களில் மி.கி. சதவீதம் என்று பழைய வழக்கில் எழுதுகிறது. எண் இல்லாவிட்டால் நாங்கள் அனுப்பும் தேடலில் அந்த முடிவுகள் சிக்காது. எண்ணை வைத்து முடிவுகளைப் பிரித்துத் தரும் லைப்ரரியின் பைகோட்ஸ் வசதியும் பிழை எதுவும் காட்டாமல் வெறும் பட்டியலைத்தான் தரும். பரிசோதனையே செய்யவில்லை என்று மருத்துவர் எடுத்துக்கொள்ளக் கூடும் என்பதால், அந்தக் கிளையை நாங்கள் இன்னும் திறந்துவிடவில்லை. ஆய்வகப் பொறுப்பாளரோடு உட்கார்ந்து, அவர்கள் வைத்திருக்கும் ஒவ்வொரு பரிசோதனைப் பெயருக்கும் எதிரே லாயின்க் எண்ணை எழுதும் அட்டவணை தயாராகிக்கொண்டிருக்கிறது. அது முடிந்து, சிஸ்டர்களின் காகிதக் கோப்புகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அங்கே செயலி ஓடும்.