பல்பை அமுக்கினால் ஓடுகிறது, விட்டால் படுத்துக்கொள்கிறது

முரண்டு பிடித்துக்கொண்டிருந்த 40 எச்பி டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு (படகின் பின்னால் மாட்டும் இன்ஜின்) ஒருவழியாக முழு த்ராட்டிலில் நின்று ஓடுகிறது. கார்பரேட்டரில் கை வைக்கவே இல்லை. எடுத்ததும் அதன் ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடும் துளைத் திருகு) கழற்றுகிறவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

ஐடிலில் ஒரு குறையும் இல்லை. முழு வேகத்தில் இரண்டு மூன்று நிமிடம் போனதும் திணறி இறங்கும். பிரைமர் பல்பை, அதாவது டேங்குக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஹோஸில் இருக்கும் ரப்பர் பல்பை, அமுக்கினால் உடனே எழும். அப்படி எழுந்தால் பெட்ரோல் வரத்துதான் கோளாறு, ஸ்பார்க்கைச் சந்தேகிக்க வேண்டாம். கரையில் தண்ணீர்க் குழாய் மாட்டி ஓட்டினால் இது தெரியாது, சுமை வேண்டும். அதே சமயம் இந்த நிலையில் விடாமல் ஓட்டவும் கூடாது. ஆயில் பெட்ரோலில் கலந்துதான் போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைந்து பிஸ்டன் பிடித்துவிடும்.

டேங்க் வென்ட் (டேங்குக்குள் காற்று போகும் துளை) திறந்தே இருந்தது. வேறொரு சிறிய டேங்கை அதன் சொந்த ஹோஸ், பல்போடு நேரே ஃபியூல் பம்ப் வாயில் கொடுத்ததும் சுத்தமாக ஓடியது. ஆக பம்ப், அதற்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வு, கார்பரேட்டர் மூன்றும் தப்பித்தன.

அடுத்து, பம்புக்கு முன்னால் ஒரு சாண் கண்ணாடி ஹோஸ். குமிழிகள் வரிசையாக ஓடின. அதையே பல்புக்குப் பின்னால் மாற்றினால் குமிழி உண்டு. பல்புக்கு முன்னால் மாற்றினால் இல்லை. பல்பின் உள்வாய் (டேங்க் பக்கம்) கிளாம்ப்தான் காற்று குடித்திருக்கிறது. அங்கே ஒரு சொட்டுக்கூட ஒழுகாது. பல்பை அமுக்கும்போது உள்வால்வு மூடிக்கொள்வதால் அந்த மூட்டுக்கு அழுத்தமே போவதில்லை. உறிஞ்சும்போது காற்று மட்டும் நுழையும். திருகு கிளாம்பைத் தூக்கிப்போட்டு காது கிளாம்ப் (காது போன்ற மடிப்பை நெருக்கி இறுக்குவது) போட்டாயிற்று. பிளாஸ்டிக் டை கட்டுவதெல்லாம் வேலைக்கு ஆகாது.

குமிழி போனது, திணறல் போகவில்லை! பம்ப் வாயில் மூன்று வாய் கொண்ட டீ இணைப்பு வைத்து, உறிஞ்சும் அளவைக் காட்டும் வேக்கம் கேஜ் மாட்டினால் முழு த்ராட்டிலில் 6 இன்ச் மெர்க்குரி. பல இன்ஜின்களுக்கு 4 மேல்வரம்பு, சிலவற்றுக்கு 2.5தான். குமிழி இல்லாமல் வேக்கம் ஏறினால் எங்கோ அடைப்பு.

டேங்கிலிருந்து பல்புக்கு வரும் ஹோஸை வாயால் ஊதிப் பார்த்தால் தாராளமாகப் போனது. ஏமாற்றியது அதுதான். நீளவாக்கில் பிளந்து பார்த்தபோது உள்தோல் உரிந்து, நகக்கண் அளவு நாக்கு ஒன்று தொங்கியது. பல்ப் பக்கமிருந்து ஊதினால் அது சுவரோடு படிந்துவிடும். பெட்ரோல் வேகமாக வரும்போது எழுந்து வழியை மூடும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ஹோஸுக்குச் செய்கிற வேலை. எனவே ஊதுவதென்றால் டேங்க் பக்கமிருந்து, அதுவும் பலமாக. அதையும் நம்பாமல் ஹோஸையே மாற்றிவிடுவது மேல்.

புது ஹோஸ் 3/8 இன்ச் உள்விட்டம், மேலே பி1-15 (பெட்ரோல் ஆவி கசிவு குறைந்த படகு ஹோஸுக்கான குறி) என்று அச்சிட்டது. அச்சே இல்லாமல் மலிவாகக் கிடைக்கும் கறுப்பு ஹோஸை எவ்வளவு புகழ்ந்து விற்றாலும் வாங்க வேண்டாம். பல்பையும் சேர்த்து மாற்றியாயிற்று. அம்புக்குறி இன்ஜினைப் பார்க்க வேண்டும்.

டயாஃப்ரம் கிட் தயாராக இருக்கிறது, குளிர்காலத்தில் போடலாம். அதற்கு முன் டேங்க் வாயில், பெட்ரோல் தானாக ஒழுகாமல் தடுக்க இருக்கும் ஆன்டி சைஃபன் வால்வின் ஸ்பிரிங்கையும் குண்டையும் கழற்றிப் பார்க்க வேண்டும். கேஜ் இப்போது 3 காட்டுகிறது, அதை 2-க்குக் கீழே கொண்டுவர வேண்டும்.